நல்லெண்ணெயும் நரம்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இம்மேடையில் வழக்கமாக ஒழுக்கத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பெரியோர்கள் பேசுவார்கள். நாமோ இன்னும் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காத மாணவர். வைத்தியரும் அல்லோம். ஆயினும் நரம்பு நோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டபோது, செயலாளர் அவர்கள் சற்று யோசித்து, "பேசும், ஆனால் பாடப் புத்தகத்தை ஒப்புவிக்க வேண்டாம்" என்றார்கள். அந்தக் கட்டளைக்கு அடங்கி, நமது மலைநாட்டுத் தோட்டங்களில், நமது பெண் பிள்ளைகளுக்கு நேர்ந்த ஓர் உண்மைச் சம்பவத்தையே இன்று சொல்ல வந்தோம்.

1977, 1978 ஆகிய ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு விசித்திரமான நோய் தோன்றியது. நன்றாக ஓடியாடித் திரிந்த பெண் பிள்ளைகள் சிலர் திடீரென்று நடக்க முடியாமல் போனார்கள். முதலிற் பாதங்கள் சோர்ந்து தொங்கின. படியேறும்போது கால்விரல் தடுக்கியது. பின்னர் கைகளிலும் பலவீனம் கண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். காலும் கையும் சோர்வதென்றால் தோட்டத்தில் என்ன பொருள் என்பதை இச்சபையிலுள்ளோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் விரலும், செங்குத்தான மலையில் ஏறும் பாதமும்தாம் ஏழைப் பெண்ணின் சீதனம். அந்த இரண்டுமே போய்விட்டன.

அக்காலத்தில் தோட்டத்து மக்களில் ஏராளமானோர் நாடற்றவர் என்ற பெயரோடு இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கால் விழுந்தால் பத்திரிகை எழுதுமா? பாராளுமன்றம் கூடுமா? லயத்துக்குள்ளே தோன்றி லயத்துக்குள்ளே மறைந்திருக்க வேண்டிய துயரம் அது. அவ்வாறு மறையாமற் காத்தவர்கள் இரு வைத்திய அறிஞர்கள். ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் நிபுணர் நிமால் சேனாநாயக்க அவர்கள். மற்றவர் ஜெயரத்தினம் அவர்கள். ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர். இருவரும் சேர்ந்து தேடினார்கள், கண்டார்கள், 1981ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாகும் 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் உலகறிய எழுதினார்கள். சேனாநாயக்க அவர்கள் அந்நோயாளரை மூன்று ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, அதே ஆண்டில் இன்னுமொரு கட்டுரையும் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன?

நோயுற்றவர்களைப் பாருங்கள். ஆண் பிள்ளைகள் அல்லர், முதியோரும் அல்லர். பெண்கள்; அதிலும் பருவமடையும் வயதுப் பெண்கள்; அதிலும் தமிழ்ப் பெண்கள். தொற்று நோயாயின் அண்ணன் தம்பியையும் தொட்டிருக்கும். தண்ணீரால் வந்ததாயின் அதே பீலியில் நீர் பிடித்த எல்லாரையும் தாக்கியிருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாய், மற்றவர்க்கு இல்லாததாய் இருந்தது எது? அதற்கு விடை நமது தாய்மார்களுக்குத் தெரியும். பிள்ளை பெரியவளானதும் நாம் செய்வது என்ன? தனியே இருத்தி, உளுத்தங்களி கிண்டி, பச்சை முட்டை கொடுத்து, நல்லெண்ணெயை நாள்தோறும் குடிக்கக் கொடுக்கிறோம். இடுப்புக்குப் பலம், எலும்புக்கு உரம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை முகத்தைச் சுளித்தாலும் விடுவதில்லை.

அந்த நல்லெண்ணெயிலேதான் நஞ்சு இருந்தது. அதன் பெயர் டிரைகிரெசைல் பொஸ்பேற்று. இயந்திரங்களுக்கு இடும் மசகெண்ணெயில் தேய்மானத்தைக் குறைப்பதற்காகவும், பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்காகவும் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் இரசாயனம் அது. எள்ளுக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. முன்னர் கனிய எண்ணெய் நிரப்பப்பட்டிருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தபோது அது கலந்திருக்க வேண்டும் என்பது அந்த அறிஞர்களின் முடிவு.

ஒரு பீப்பாய்! நண்பர்களே, ஒரு பழைய பீப்பாய்!

இனி, அந்த நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம். நமது ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து வரும் இரட்டைப் பாதை ரம்புக்கனையோடு முடிகிறது. இங்கிருந்து ஒற்றைப் பாதை கடுகண்ணாவை மலையை நோக்கி ஏறுகிறது. நீராவி எஞ்சின் காலத்தில், அந்த ஏற்றத்துக்காகப் பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளினார்கள் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்த ஏற்றப் பாதையில் வண்டி நின்றுபோனால் மிகவும் துன்பப்படும் நிலையம் எது? கடைசி நிலையந்தான். அரிசியும் மாவும் எண்ணெயும் அங்கே போய்ச் சேரா.

நமது நரம்பும் அப்படிப்பட்ட ஒரு பாதையே. கால் தசையை அசைக்கும் நரம்பணுவின் தலை நிலையம் முதுகெலும்புக்குள்ளே, முண்ணாணில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நுண்ணிய நார் புறப்பட்டு, இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் கடந்து பாதத்துக்கு வருகிறது. ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம், தலைமயிரைவிட மெல்லியது. அந்த நாரின் கடைசி முனைக்கு வேண்டிய போஷாக்கெல்லாம் தலை நிலையத்திலேயே ஆக்கப்பட்டு, நார் வழியாகவே அனுப்பப்பட வேண்டும். டிரைகிரெசைல் பொஸ்பேற்று நரம்பிலுள்ள ஒரு நொதியத்தைப் பற்றிப்பிடித்துக் கெடுத்துவிடுகிறது. அதன் பின் நீண்ட நார்கள் நுனியிலிருந்து பட்டுப்போகத் தொடங்குகின்றன. ஆகையால்தான் மிக நீளமான நரம்புகள் செல்லும் பாதம் முதலில் விழுகிறது. பிறகு கை விழுகிறது.

இதிலே ஒரு வஞ்சகமும் இருக்கிறது. இந்நஞ்சு குடித்த அன்றே காலைப் பிடிப்பதில்லை. முதலில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். ஒரு வாரம், இரண்டு வாரம், சில வேளை மூன்று வாரம் கழித்தே கால் சோர்கிறது. அதற்குள் சடங்கு முடிந்து, பந்தல் பிரித்து, உறவினர் ஊர் திரும்பியிருப்பார்கள். எண்ணெயை யார் நினைப்பார்? "கண்ணேறு பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "தீட்டு நேரத்தில் வெளியே போனாள்" என்பார் இன்னொருவர். பெற்ற தாயோ தன் கையால் ஊட்டிய எண்ணெயை மறந்து, தன் விதியை நொந்து அழுவாள்.

பட்டுப்போன நரம்பு மீண்டும் தளிர்க்குமா? உடலின் வெளி நரம்புகளுக்கு அந்த வல்லமை உண்டு. ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அளவே அவை வளரும். ஒரு மீற்றர் வளர ஆயிரம் நாட்கள் வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். முண்ணாணுக்குள் ஓடும் நார்களுக்கோ அவ்வாறு வளரும் வல்லமை இல்லை. ஆதலால் சோர்வு நீங்கிய பின்பும் சிலருக்குக் கால்கள் விறைத்து, இழுத்து இழுத்து நடக்கும் நிலை எஞ்சிவிடும். இதற்கு முறிவு மருந்து இன்றளவும் இல்லை. பயிற்சியும், பாதத்தைத் தாங்கும் பட்டையும், பொறுமையுமே மருந்து.

இது நமது நாட்டில் மட்டும் நிகழ்ந்த கொடுமை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், ஏழைகள் 'ஜமேய்க்கா இஞ்சி' என்ற மருந்துச் சாராயத்தை வாங்கிக் குடித்தார்கள். 1930ஆம் ஆண்டில் அதில் இந்த இரசாயனத்தைச் சேர்த்து விற்றதால், பல்லாயிரம் பேர் கால் விழுந்து போனார்கள். 1959ஆம் ஆண்டில் மொறோக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரிலும் அதைச் சுற்றியும் ஏறக்குறைய 10,000 பேர் முடமானார்கள். ஜெற் விமான எஞ்சினுக்குரிய மசகெண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து வியாபாரிகள் விற்றதே அங்கே காரணம். அமெரிக்காவிலும் மொறோக்கோவிலும் மனிதன் இலாபத்துக்காகக் கலந்தான். இங்கேயோ கவனமின்மையே கலந்தது. ஆனால் மூன்று இடத்திலும் விழுந்தது ஏழையின் கால். மலிவான எண்ணெயை, மூடி முத்திரையில்லாத எண்ணெயை, அளந்து ஊற்றும் எண்ணெயை வாங்குகிறவன் அவன்தானே!

இப்பொழுது நம் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சபையோர் மன்னிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு நமது தங்கை பெரியவளானாள். செய்தி கேட்டு நாமும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்தோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் மேற்சொன்ன கட்டுரைகளைப் படித்திருந்தோம். மிஷன் பாடசாலையில் படித்தவர்களுக்கு ஒரு குணமுண்டு. வீட்டுப் பழக்கம் எதுவாயினும் அதை மூடப்பழக்கம் என்று சொல்ல நாக்கு முந்திக்கொண்டு வரும். வாசலில் கால் வைத்ததும், "பிள்ளைக்கு எண்ணெய் கொடுக்கக் கூடாது, இந்தச் சடங்கெல்லாம் இனி வேண்டாம்" என்று முழங்கினோம்.

தாய்மாமன் அப்போதுதான் எண்ணெயோடு வந்திருந்தார். இறப்பர் மரம் வெட்டிச் சேர்த்த கூலியில், தம் மருமகளுக்கென்று நல்லெண்ணெய் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கேனில் கொண்டுவந்து திண்ணையில் வைத்திருந்தார். நமது பேச்சைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "படித்த பிள்ளை சொல்கிறது, எடுத்துக்கொண்டு போகிறேன்" என்று எழுந்தார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமன் கொண்டுவந்த முதற் சீரைத் திருப்பி அனுப்பிய வீடு என்று பெயர் வருமே!

அப்பாயி மாத்திரம் பேசவில்லை. கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மாமனைக் கேட்டார்: "ஏம்ப்பா, இதுல முந்தி என்னா இருந்துச்சு?"

மாமன் தடுமாறினார். "தெரியலையே அத்தை. வேலைத்தளத்துல கிடந்துச்சு. நல்லா சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஊத்துனேன்."

அப்பாயி நம் பக்கம் திரும்பினார். "ராசா, ஊறுகாச் சாடியில நான் மோர் ஊத்திப் பாத்திருக்கியா? மண்ணெண்ணெய் வச்ச போத்தல்ல தேன் வச்சிப் பாத்திருக்கியா? எண்ணெயக் குத்தம் சொல்லாத. பாத்திரத்தக் கேளு!"

நாம் வாயடைத்து நின்றோம். இரு அறிஞர்கள் ஆராய்ந்து எழுதிய முடிவை, எழுதப் படிக்கத் தெரியாத நம் அப்பாயி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அவர் காலத்து வீட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வேலை இருந்தது. அது மாறக் கூடாது என்ற சட்டம் இருந்தது. வீட்டில் செக்கெண்ணெயை வாங்கி வீட்டுச் சாடியில் ஊற்றிய நாளில், அந்தச் சட்டம் பிள்ளையைக் காத்தது. எண்ணெய் வியாபாரமாகி, லொறி ஏறி, ஊர் ஊராக வந்தபோது, எந்தப் பீப்பாயையும் எந்த அப்பாயியும் பார்க்கவில்லை. பழக்கம் நம்மிடம் இருந்தது. காவல் நம் கையைவிட்டுப் போய்விட்டது. பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நமது முன்னோர் சொன்னதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று அன்று உணர்ந்தோம்.

அந்த எண்ணெயைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மாமனும் நாமும் ஒன்றாகவே கடைக்கு நடந்தோம். முத்திரையிட்ட போத்தலாகப் பார்த்து அவரே தம் பணத்தில் வாங்கினார். அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "விடு தம்பி" என்றார். ஆனால் வழியில் வேறொன்றும் பேசவில்லை. சடங்கு குறைவின்றி நடந்தது. இன்று அவர் எந்தக் கடையிலும் எண்ணெய்க்கு முன் கேனைத்தான் கேட்கிறார் என்று அம்மா சொல்லக் கேட்கிறோம்.

மாமன் சொன்ன ஒரு சொல்லை மட்டும் எல்லோரும் ஆராய வேண்டும். "நன்றாகக் கழுவினேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த இரசாயனம் தண்ணீரில் கரைவதன்று, எண்ணெயில் கரைவது. தண்ணீர் விட்டுக் கழுவினாற் பாத்திரத்தின் சுவரில் அது ஒட்டிக்கொண்டே இருக்கலாம். பிறகு எண்ணெய் ஊற்றும்போது, அந்த எண்ணெயோடு சேர்ந்துகொள்ளும். நிறமில்லை; குறிப்பிடத்தக்க மணமில்லை; சுவையில்லை. மோந்து பார்த்தும் அறிய முடியாது. நக்கிப் பார்த்தும் அறிய முடியாது. ஆகவே "கழுவினேன்" என்பது இங்கே காவலாகாது. "இதில் முன்பு என்ன இருந்தது?" என்ற கேள்வி ஒன்றே காவல்.

இக்கேள்வி எண்ணெயோடு முடிந்துவிடுவதும் அன்று. பயிர்ப் பூச்சிகளைக் கொல்லும் மருந்துகளிற் பல இதே பொஸ்பரசுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுட் சிலவும் இவ்வாறே, தாமதித்து வந்து நரம்பைப் பிடிக்கும். 1982ஆம் ஆண்டில் அதனையும் சேனாநாயக்க அவர்களே, இலங்கை நோயாளரிடம் கண்டு எழுதினார்கள். 1987ஆம் ஆண்டில், அம்மருந்துகளால் நஞ்சூட்டப்பட்டோர் முதல் நாள் ஆபத்தைத் தாண்டிய பின்பும், ஓரிரு நாளில் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் சோர்ந்து இறக்கக்கூடும் என்பதை, லக்ஷ்மன் கரலியத்த அவர்களோடு சேர்ந்து விளக்கினார்கள். உலகத்து வைத்தியரெல்லாம் இன்று படிக்கும் பாடம் அது. அவற்றிற் கொடியனவான மெத்தமிடோபொஸ் முதலியவற்றை நமது அரசாங்கம் 1995ஆம் ஆண்டில் தடை செய்தது. ஆனாலும் பூச்சிமருந்து வந்த போத்தலும் கேனும் இன்றும் நம் வீடுகளிற் சுற்றுகின்றன. சிலர் அவற்றில் மண்ணெண்ணெய் வைக்கிறார்கள். சிலர் தண்ணீரே எடுத்துப் போகிறார்கள். வாலிபர்களே, நாளைக் காலையில் உங்கள் வீட்டுத் திண்ணையையும் மண்வெட்டி வைக்கும் மூலையையும் ஒருமுறை பாருங்கள். அப்படிப்பட்ட கேன் இருந்தால் ஓட்டை போட்டு ஒழித்துவிடுங்கள். ஓட்டையில்லாத கேனை ஏழை வீடு எறியாது என்பது நமக்குத் தெரியும். ஆகையாற்றான் ஓட்டை போடச் சொல்கிறோம்.

இன்னொன்று. கால் சோர்வதெல்லாம் எண்ணெயால் வருவதென்று எண்ணிவிடக் கூடாது. இளம்பிள்ளை வாதம் முண்ணாணிலுள்ள இயக்க நரம்பணுக்களையே அழிப்பது. தடுப்பு மருந்தின் பயனாக, 1993ஆம் ஆண்டுக்குப் பின் அது நம் நாட்டில் யாருக்கும் வரவில்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து மாறிய பின், இரு கால்களிலும் ஏறிவரும் ஒருவகைச் சோர்வு உண்டு. கில்லன்-பாரே என்று அதைச் சொல்வார்கள். அது மூச்சையும் தடுக்கக்கூடும். ஆனால் வேளைக்கு வைத்தியசாலை சேர்ந்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். நீரிழிவுக்காரருக்குப் பாதம் மரத்துப்போவதும் நரம்பு நோயே. தொழுநோயும் நரம்பையே முதலிற் கடிக்கிறது, அதற்கு மருந்து உண்டு, குணமும் உண்டு. எது எந்த நோய் என்று பிரித்தறிவது வைத்தியர் வேலை. காலோ கையோ சோர்கிறதென்று கண்டவுடன், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது நம் வேலை. கயிறு கட்டுவதானால் கட்டுங்கள். திருநீறு இடுவதானால் இடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு அவற்றைச் செய்யுங்கள் என்றே சொல்கிறோம்.

போகும்போது வைத்தியரிடம் ஒன்றையும் ஒளிக்காதீர்கள். பிள்ளை எப்போது பெரியவளானாள், என்ன சாப்பிட்டாள், எந்த எண்ணெய், எந்தக் கடை, எந்தப் பாத்திரம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். சடங்கைச் சொல்ல வெட்கப்பட்டு அந்தத் தாய்மார்கள் வாய் மூடியிருந்தால், அந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டிருக்குமா? நோயின் மூலத்தைத் தேடு என்று வள்ளுவப் பெருந்தகை வைத்தியனுக்குச் சொன்னார். அந்த மூலம் பல வேளைகளில் நோயாளியின் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க வீட்டாரால் மாத்திரமே முடியும்.

பெரியோர்களே! பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தத் துணிவு நம் அப்பாயியின் முன்னிலையில் போய்விட்டது. தோழர்களே! பழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் என்றும் நாம் சொல்லவில்லை. அந்த இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நமது தங்கையர். பலம் வரவேண்டுமென்று அன்போடு ஊட்டிய கையாலேயே அவர்கள் பலம் இழந்தார்கள். ஊட்டிய தாயிலும் குற்றமில்லை, எள்ளிலும் குற்றமில்லை. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இனி நாம் கேட்போம். கடையிற் கேட்போம், கூட்டுறவுச் சங்கத்திற் கேட்போம், நம் வீட்டு அடுப்படியிலும் கேட்போம்.